நாலாவது டிரம்

எனக்கு இனிப்பு அவ்வளவாகப் பிடிக்காது. சாக்லேட் கம்பெனியில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்தவன் இப்படிச் சொல்கிறானே என்று உங்களுக்குத் தோன்றலாம். பிடித்திருந்தால் அந்த வேலைக்கு நான் லாயக்கில்லை. ஆசையாகத் தின்கிறவன் நாக்கு சீக்கிரம் மழுங்கிவிடும்.

வாக்குமூலத்தை ஆரம்பிக்கும் முன் ஒன்று. நீங்கள் எழுதுகிற ஒவ்வொரு தாளையும் எனக்கு வாசித்துக் காட்ட வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனால் காது நன்றாகக் கேட்கும். நான் சொல்லாததை எழுதினால் கையெழுத்துப் போட மாட்டேன். உங்கள்மேல் கோபமில்லை. எனக்கு யார்மேலும் நம்பிக்கை வருவதில்லை, அவ்வளவுதான்.

என் வேலை என்னவென்று உங்கள் காகிதத்தில் 'உருக்கும் பிரிவு, மூத்த பணியாளர்' என்று போட்டிருக்கிறீர்கள். கம்பெனியில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். 'நாக்கு' என்பார்கள். "நாக்கு வந்தாச்சா?" "நாக்கைக் கேட்டியா?" அதுதான் என் பெயர்.

எங்கள் கம்பெனி சின்னது. கடலை போட்ட சாக்லேட்டும் வெறும் சாக்லேட்டும் ஒரே குழாயில்தான் ஓடும். கடலை ஓட்டி முடித்ததும் அந்தக் குழாயைத் தண்ணீர் விட்டுக் கழுவ முடியாது. சாக்லேட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் ஈர மணல் மாதிரி இறுகிப்போகும். சாக்லேட்டைச் சாக்லேட்டால்தான் கழுவ வேண்டும். உருக்கிய வெறும் சாக்லேட்டைக் குழாயில் விட்டு, மறு முனையில் டிரம் டிரம்மாகப் பிடிப்போம். ஒவ்வொரு டிரம்மிலிருந்தும் ஒரு சொட்டு என் நாக்குக்கு வரும். கடலை வாசம் இருந்தால் அந்த டிரம்மைக் கடலைப் பக்கம் தள்ளிவிடுவோம். வாசம் அறவே போனதும் நான் "சுத்தம்" என்று சொல்வேன். அதற்கு மேல் வருவதுதான் அச்சில் ஊற்றுகிற சரக்கு. வழக்கமாக நாலாவது டிரம்மில் சுத்தமாகிவிடும்.

முதலாளி இரண்டு மூன்று தடவை கேட்டார். "பெரியவரே, கடலை கலந்திருக்கான்னு பார்க்க இப்ப ஒரு பெட்டி வந்திருக்காம். வாங்கிப் போடட்டுமா?" நான் சொன்னேன், "வாங்குங்க. அது ருசி பார்க்கட்டும், நான் வீட்டுக்குப் போறேன்." அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

லேபிள் ஒட்டுகிற பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அவள் படத்தை எதிரே வைத்துவிட்டீர்கள். கொஞ்சம் திருப்பி வையுங்கள், பேச வராது.

அவளுக்குக் கடலை ஆகாது. ஆகாது என்றால் சொறி, அரிப்பு இல்லை. ஒரு துணுக்கு உள்ளே போனால் தொண்டை அடைத்துவிடும். அதற்காகக் கைப்பையில் எப்போதும் ஒரு ஊசி வைத்திருப்பாள். லேபிள் அறை தனிக் கட்டிடம், உருக்கும் பக்கம் அவள் வரவே மாட்டாள். அவள் புருஷன் எங்களோடுதான் இருந்தான். குழாய் கழற்றுவது, மாட்டுவது, தட்டித் துடைப்பது எல்லாம் அவன்தான். குழாய்க்காரன் என்போம். வேலை முடிந்து கை, முகம், கழுத்து எல்லாம் சோப்புப் போட்டுக் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டுதான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து சாப்பிடுவான். "மாப்பிள்ளை இன்னைக்கும் குளிச்சாச்சா?" என்று எல்லோரும் கிண்டல் செய்வார்கள். "கட்டினவளுக்காகக் குளிக்கிறேன். நீங்கள்லாம் கட்டியும் குளிக்கிறதில்லையே" என்பான்.

வருஷத்துக்கு ஒரு நாள் சாக்லேட் தினம். கேட்டைத் திறந்துவிடுவோம். ஊர் ஜனம் பிள்ளை குட்டியோடு வரும். முற்றத்தில் நீள மேசை போட்டு, கோப்பையில் சூடான சாக்லேட், தட்டில் துண்டுகள். முதலாளி நாலு வார்த்தை பேசுவார். பிறகு நான் மேசைமேல் அந்த வருஷத்து முதல் கட்டியை எடுத்து எல்லோரும் பார்க்க உடைப்பேன். நல்ல சாக்லேட் உடையும்போது குச்சி முறிகிற மாதிரி 'டக்' என்று சத்தம் வர வேண்டும். முற்றமே மூச்சடக்கி நிற்கும். நாக்கில் வைத்துக் கண்ணை மூடுவேன். "கடிக்காதீங்க. சும்மா வச்சிருங்க, அதுவா இளகட்டும். முதல்ல கசக்கும். அப்புறம் பழம் மாதிரி ஒரு புளிப்பு. கடைசியில லேசாப் புகை" என்பேன். பிறகு கையைத் தூக்குவேன். கைதட்டுவார்கள். பெரிய படிப்புப் படித்தவர்கள்கூட நான் சொன்னபடி வாயை மூடிக்கொண்டு நிற்பார்கள். வருஷத்தில் என்னை நாலு பேர் மதித்த நாள் என்றால் அதுதான். மற்ற நாளில் நான் தலைக்குத் துணி கட்டின கிழவன்.

லேபிள்காரி வருஷத்தில் சாக்லேட் சாப்பிடுவதும் அந்த ஒரு நாள்தான். வரிசையில் வந்து என் முன்னால் நிற்பாள். "அண்ணே, இந்த வருஷம் சாப்பிடலாமா?" என்று கேட்பாள். "சாப்பிடும்மா" என்பேன். ஒரே ஒரு துண்டு. அன்றைக்குப் பையைக்கூட எடுத்து வர மாட்டாள், லேபிள் அறை ஆணியில் மாட்டிவிட்டு வருவாள். அவள் புருஷன் சண்டை போடுவான். "அண்ணன் சொன்னா அப்புறம் ஊசி எதுக்கு?" என்பாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் எனக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, வாசமும் ருசியும் அதோடு போயின. வரும் வரும் என்று இருந்தேன். ஒரு நாள் என் வீட்டுக்காரி அடுப்பிலிருந்து திரும்பி, "சாம்பாரா அது? உப்பை ரெண்டு தடவை போட்டுட்டேனே, எப்படிச் சாப்பிடுறீங்க?" என்று கேட்டாள். நான் பாதித் தட்டைக் காலி செய்திருந்தேன். அவளுக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது. "முதலாளிகிட்ட சொல்லிருங்க. கண்ணு மங்கினா சொல்ல மாட்டோமா, அது மாதிரிதானே" என்றாள். சொல்கிறேன் என்றேன். அவள் வாரம் ஒரு தடவை கேட்டாள், பிறகு மாதம் ஒரு தடவை. பிறகு விட்டுவிட்டாள். டாக்டரிடமும் போகவில்லை. அவர் காகிதத்தில் எழுதுவார், காகிதம் எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்.

டிரம்மை எப்படிச் சமாளித்தேன் என்று கேட்கிறீர்கள். எண்ணினேன். முதல் டிரம்மில் முகத்தைச் சுளிப்பேன். இரண்டாவதில் தலையை ஆட்டுவேன். மூன்றாவதில் கொஞ்சம் யோசிப்பேன். நாலாவதில் "சுத்தம்" என்பேன். மூன்று வருஷம் அது பலித்தது. பலிக்கிற வரைக்கும் அது பொய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது, அது உண்மை. நாக்கை நீட்டும்போதெல்லாம் யாரோ சட்டையை உருவுகிற மாதிரி இருக்கும். ஆனால் பழகிவிட்டது.

போன வருஷம் சாக்லேட் தினத்துக்கு இரண்டு நாள் முன்னால் குழாயில் ஒரு வளைவை மாற்றினோம். பழையது தேய்ந்திருந்தது. கடலை ஓட்டி முடித்து, கழுவ ஆரம்பித்தோம். நாலாவது டிரம்மில் நான் "சுத்தம்" என்றேன். குழாய்க்காரன் தயங்கினான். "அண்ணே, வளைவு புதுசு. உள்ள எங்க தேங்கும்னு தெரியல. இன்னும் ரெண்டு டிரம் ஓட்டிப் பார்த்துரலாமா?"

"நாக்கு யாருக்குடா இருக்கு? எனக்கா, உனக்கா?" என்றேன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டு வால்வைத் திருப்பினான். சாக்லேட் தினத்துக்கான கட்டிகள் அந்தச் சரக்கில்தான் ஊற்றப்பட்டன.

அன்றைக்கு நல்ல கூட்டம். நான் கட்டியை உடைத்தேன். சத்தம் சுத்தமாக வந்தது. உடைந்த ஓரத்தைப் பார்த்தேன். நாக்குதான் போனதே தவிரக் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓரத்தில் கடுகளவு ஒரு வெளுப்பு. நகத்தால் நெருடினேன். கடலை. முப்பத்து நாலு வருஷம் பார்த்தவனுக்கு அதில் சந்தேகமே வராது. அந்தத் துண்டை அப்படியே வாயில் போட்டுக்கொண்டேன். கண்ணை மூடினேன். கசப்பு, புளிப்பு, புகை, எல்லாம் சொன்னேன். முன்வரிசையில் ஒருவர் பெண்டாட்டியிடம், "ஆமா, புகை வருது பார்" என்றார். கையைத் தூக்கினேன். கைதட்டினார்கள்.

அதற்குள் தட்டுகள் போய்விட்டன. நிறுத்துங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும் என்று யோசித்தேன். இப்போதுதானே ருசி பார்த்தீர்கள், அப்போது தெரியவில்லையா என்று கேட்பார்கள். மற்றவர்களுக்குக் கடலை ஒன்றும் செய்யாது, அவள் ஒருத்தியைத் தடுத்தால் போதும் என்று நினைத்துக்கொண்டேன். நியாயமான யோசனைதான். அவள் வரிசையில் ஏழாவதாகவோ எட்டாவதாகவோ நின்றாள்.

வந்தாள். முதலாளி என் தோளில் கை போட்டு நின்றிருந்தார். யாரோ போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். "அண்ணே, இந்த வருஷம் சாப்பிடலாமா?"

வேண்டாம் என்று சொல்லத்தான் இருந்தேன். முதலாளி முந்திக்கொண்டார். "நாக்கு பாஸ் பண்ணதும்மா, யோசிக்காதே" என்றார். அவள் அவரைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் தலையை ஆட்டினேன்.

அதன் பிறகு நடந்தது உங்கள் காகிதத்தில் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் சேர்க்கும் முன்பே உயிர் போய்விட்டது. மிச்சமிருந்த கட்டிகளைக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள், கடலை இருந்தது என்றார்கள். யார் கழுவியது என்று கேட்டார்கள். குழாய்க்காரன் கையைத் தூக்கினான். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்ட ஒரே ஆள் நீங்கள், அதுவும் நானாக வந்த பிறகு.

நான் ஏன் வந்தேன் என்றுதானே உங்களுக்குத் தெரிய வேண்டும். மனசு உறுத்தியது என்று எழுதிவிடாதீர்கள். உறுத்தினால் போன வருஷமே வந்திருப்பேன்.

போன வாரம் குழாய்க்காரன் என் வீட்டுக்கு வந்தான். வழக்கு அடுத்த வாரம், ஜாமீனில் இருக்கிறான். பாதி ஆளாகிவிட்டான். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. வாசல் பக்கமாகவே நின்றான்.

"அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நீங்க சுத்தம்னு சொன்ன பிறகு நான் சுத்தியலால வளைவை ரெண்டு தட்டு தட்டினேன். அதுலதான் உள்ள ஒட்டியிருந்தது உதிர்ந்திருக்கணும். நான்தான் அவளைக் கொன்னேன். உங்க நாக்குக்கும் கெட்ட பேர் வாங்கிக் கொடுத்துட்டேன். மன்னிச்சிருங்கண்ணே."

அவன் வளைவைத் தட்டியது மூன்றாவது டிரம்முக்கு முன்னால். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அவன் ஒரு வருஷமாக அதையே நினைத்து நினைத்து, பழி தன்மேல் விழுகிற மாதிரி நேரத்தை மாற்றிப் போட்டுவிட்டான். நான் அதைத் திருத்தவில்லை. "விடுப்பா, போனது போச்சு" என்றேன்.

உள்ளேயிருந்து என் வீட்டுக்காரி அவனுக்குக் காபி கொண்டுவந்தாள். கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள். அவன் குடித்து முடித்துப் போகும் வரை என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு டம்ளரைக் கழுவப் போனாள். அன்றையிலிருந்து சோறு போடுகிறாள், ஒரு வார்த்தை பேசுவதில்லை. வீட்டில் இருக்க முடியவில்லை. இங்கே வந்தேன்.

இதுவரை எழுதினதை வாசியுங்கள்.

சரி. அப்படித்தான் சொன்னேன். இதில் நான் பொய் எதுவும் சொல்லவில்லை. ஆனால் ஒன்றை விட்டுவிட்டேன். அது முற்றத்தில் எல்லோர் காதிலும் விழுந்ததுதான், ஆனால் அர்த்தம் எனக்கும் அவளுக்கும்தான் தெரியும். அவன் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறான். அவள் இல்லை.

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு சரிந்தபோது அவன் ஓடிவந்தான். எல்லோரும் வெயில், மயக்கம், தண்ணீர் என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அவன் அவளை மடியில் போட்டுக்கொண்டு நேரே என்னை நிமிர்ந்து பார்த்தான். "அண்ணே, கடலையா?" என்று கேட்டான். லேபிள் அறை அங்கிருந்து முப்பது அடிகூட இருக்காது. ஆமாம் என்றிருந்தால் அவன் ஓடியிருப்பான், ஊசி வந்திருக்கும். முதலாளி என் பக்கம் திரும்பினார். கூட்டமே திரும்பியது. நான் "இல்லப்பா, வெயில்தான். விசிறி விடு" என்றேன். அவன் சட்டையைக் கழற்றி விசிற ஆரம்பித்தான்.

அவளுக்குப் பேச்சு வரவில்லை. ஆனால் நினைவு இருந்தது. அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, லேபிள் அறைப் பக்கம் கையை நீட்டினாள். அவனுக்கு ஒரு நொடி சந்தேகம் வந்தது, எழுந்திருக்கப் பார்த்தான். அவள் கண் என்மேல் இருந்தது. அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்தது. அதனால் நான் இன்னொரு தடவை, கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி, கடலை இல்லை என்று சொன்னேன்.