நடுவில் ஒருமுறை சாவி

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் முருகையன் அவர்களே, மன்றத்தின் மூத்த உறுப்பினர்களே, அய்யம்பேட்டையிலிருந்து வேன் பிடித்து வந்திருக்கும் உறவினர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மகள் அனீஸா அவர்களே! கணவரை இழந்து, வீட்டைவிட்டு வெளியே வராத இத்தாவில் இருப்பதால் வர இயலாமல், அனீஸாவின் கைப்பேசி வழியே வீட்டிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் மெஹராஜ் பேகம் அம்மையாரே! அனைவருக்கும் வணக்கம்.

நம் திருவையாறு இசைத்தட்டுக் கேட்போர் மன்றத்தின் முன்னாள் உறுப்பினர் மீரா உசேன் மறைந்து இன்று பதினேழு நாள். அழைப்பிதழில் ‘முன்னாள் உறுப்பினர்’ என்று அச்சடித்திருக்கிறோம். அந்த ‘முன்னாள்’ யாரால் வந்தது? செயலாளராகிய என்னால் வந்தது! அதைச் சொல்லாமல் இந்த ஒலிபெருக்கிக்கு முன் நிற்க எனக்கு யோக்கியதை கிடையாது.

இதோ மேசைமேல் நம் கிராமபோன். அதன்மேல் அந்த இசைத்தட்டு. ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயின் தேசத்தில் பதிவானது. தனிக் கிதார், மூன்றரை நிமிடம். பெயர்ச்சீட்டு தேய்ந்துவிட்டதால் வாசித்தவர் யாரென்றுகூட நமக்குத் தெரியாது. ஆனால் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் கேட்டிருப்போம்! கட்டைவிரல் தாழ்ந்த தந்தியை ஒரே ஒருமுறை தட்டும். அந்த நாதம் அடங்குவதற்குள் மேல்தந்தியில் மற்ற விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடத் தொடங்கும். ஆட்டுக்குடலில் திரித்த தந்தி என்பதால் கம்பியின் கூர்மை இருக்காது. தட்டின் இரைச்சலுக்கு நடுவிலும் விரல் வழுக்கும் உரசல் கேட்கும்.

கடைசி அரை நிமிடத்தில் என்ன நடக்கும்? காலம் தளரும், சுரம் வளைந்து வளைந்து கீழிறங்கும். நாம் அதை என்னவென்று சொன்னோம்? கமகம் என்றோம்! நம் காவிரிக்கரைக் கமகம் ஸ்பெயினில் கேட்கிறது என்று பூரித்துப்போனோம். ‘மேற்கில் ஒரு கமகம்’ என்று ஆண்டு மலரில் நான் எட்டுப் பக்கம் எழுதினேன். அதற்காகப் போர்த்திய பொன்னாடைகள் இன்னும் என் பீரோவில் இருக்கின்றன.

ஒரு விதியும் நான்தான் போட்டேன். இருபத்திரண்டு சுற்று சாவி கொடுக்க வேண்டும். முள்ளை வைத்தபின் முடியும்வரை யாரும் பெட்டியைத் தொடக் கூடாது. சங்கீதத்துக்கு அது அவமரியாதை!

மீரா உசேன் பாய் இருபத்துமூன்று ஆண்டுகள் ஷார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக். ஊர் திரும்பி மிக்சி, ஃபேன் பழுதுபார்க்கும் கடை வைத்தவர். ஞாயிறுதோறும் டி.வி.எஸ். ஃபிஃப்டியில் வந்து கடைசி வரிசையில் கண்மூடி உட்கார்ந்திருப்பார். மன்றத்துக்குள் மழைத்தண்ணீர் புகுந்த வருடத்தை மறந்துவிட்டீர்களா? முழங்கால் தண்ணீரில் முதலில் இறங்கியவர் யார்? நூற்று நாற்பது தட்டுகளையும் ஒவ்வொன்றாகத் துடைத்தவர் யார்? நான் தட்டுகளை வெயிலில் பரப்பப் போனேன். “வெயில்ல வக்காதீங்க சார், வளைஞ்சு போயிரும்” என்று கையைப் பிடித்துத் தடுத்தார். இந்தத் தட்டு இன்று முழுசாக இருக்கிறது என்றால் அது அவர் போட்ட பிச்சை!

ஆறு ஆண்டுகளுக்கு முன், இதே கூடத்தில் தட்டு ஓடி முடிந்ததும் அவர் எழுந்தார். “சார், தப்பா நெனக்காதீங்க. அந்த எறக்கம் வாசிக்கிறவரு செய்யறது இல்லைங்க. பெட்டி ஸ்பிரிங்கு தளந்துபோச்சு, கடைசியில வேகம் கொறையுது. நடுவுல ஒரு தடவ சாவி குடுத்துப் பாருங்க, தெரிஞ்சிரும்” என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “மிக்சி ரிப்பேர் பாக்குறவர் எனக்குச் சங்கீதம் சொல்லித்தர வேண்டாம்” என்றேன். கூடமே சிரித்தது. “சரிங்க சார்” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அடுத்த வாரம் உறுப்பினர் பட்டியலிலிருந்து அவர் பெயரை அடித்தேன்.

அனீஸா, உங்கள் அத்தாவை அவமதித்த கை இது.

நேற்று மெஹராஜ் பேகம் அம்மா எனக்கு ஃபோன் செய்தார். “மாலை, படமெல்லாம் வேணாம் சார். அவுக சொன்னத ஒரு தடவ செஞ்சு பாத்துருங்க, போதும்” என்றார். செயற்குழுவைக் கூட்டினோம். இரண்டாகப் பிரிந்தது. தட்டின் அந்த இறக்கம்தான் நம் மன்றத்தின் அடையாளம், அதைச் சோதித்துப் பார்க்கக் கூடாது என்றார்கள் சிலர். தலைவர் முடிவை என்னிடம் விட்டார்.

ராம்கி, செயற்குழுவிலும் எதிர்த்தீர்களே, இப்போது ஏன் எழுந்து நிற்கிறீர்கள்? சொல்லுங்கள், எல்லாரும் கேட்கட்டும்.

“நாளைக்கு ஊரே நம்மளப் பாத்துச் சிரிக்கும் சார். உங்க கட்டுரைக்கு என்ன பதில் சொல்லுவீங்க?”

கேட்டீர்களா! ஆறு ஆண்டுகளாக என்னை ஊமையாக்கி வைத்திருந்த கேள்வி இதுதான். உட்காருங்கள் ராம்கி, இதோ பதில்.

எனக்குத் தெரியும். அவரை வெளியேற்றிய பத்தாம் நாளே தெரியும்! ஒரு மதியம் கதவைத் தாழிட்டுக்கொண்டு, தட்டைப் போட்டு, நடுவில் சாவி கொடுத்தேன். சுரம் இறங்கவில்லை, காலம் தளரவில்லை. கிதார் கடைசிவரை நிமிர்ந்து நடந்துபோய் இரண்டே சுரத்தில் நின்றது. நம் கமகம் அதில் இல்லை. அழகு குறைந்ததா? இல்லை ஐயா, அதுவரை நான் கேட்டதே அரைகுறை!

அதன் பிறகு ஒருமுறை அய்யம்பேட்டை பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். “என்ன சார், நல்லா இருக்கீங்களா?” என்று அவரே கேட்டார். சொல்லியிருக்கலாம், அந்த ஒரு நிமிடம் போதும். “இருக்கேன் பாய்” என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன். இனி யாரிடம் போய்ச் சொல்வேன்?

‘மேற்கில் ஒரு கமகம்’ தவறு. அதை இந்த மேடையிலேயே திரும்பப் பெறுகிறேன். அடுத்த மலரின் முதல் பக்கத்தில் மீரா உசேன் கண்டுபிடித்தது அவர் பெயரிலேயே வரும். பெட்டியைத் தொடக் கூடாது என்ற விதி இன்றோடு ஒழிந்தது. கேட்பவர் எவரும் எழுந்து கேள்வி கேட்கலாம். அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று இந்த மன்றம் இனி ஒருநாளும் பார்க்காது. இது நான் அவருக்குக் கொடுக்கும் வாக்கு.

மௌன அஞ்சலிக்குப் பதிலாக இப்போது தட்டு ஓடும். அனீஸா, மேடைக்கு வாங்க. கைப்பேசியைக் குழல் பக்கம் வையுங்க, அம்மாவுக்குக் கேட்கட்டும். பாதியில் நீங்களே சாவி கொடுங்க.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். முடிவில் ஒரு உறுமல் வருமே, தட்டின் கீறல் என்று இத்தனை காலம் நினைத்தோமே, அது கீறல் இல்லை. சரியான வேகத்தில் அன்று நான் கேட்டேன். வாசித்து முடித்த மனிதர் மூச்சு விடுகிறார். தண்ணீரிலிருந்து இந்தத் தட்டைத் தூக்கிய மீரா உசேன் அதைக் கேட்காமலே போய்விட்டார்.

அதனால் சுரம் நின்றதும் யாரும் அசையாதீர்கள். முள்ளை எடுக்காதீர்கள். அந்த மூச்சு வரட்டும்.