ஓடாமல் நின்ற அய்யம்மாள்

— பையைக் கீழ வைங்க! திருப்பூருக்கும் போவேணாம், எங்கயும் போவேணாம்!

— ஏ இருளு, மூச்சு வாங்கிட்டுப் பேசு. பஸ்ஸுக்கு நேரமாச்சு, பிள்ளைகளைக் கெளப்பு.

— ஆர்டர் கெடைச்சிருச்சுங்க! கலெக்டராபீஸ் கேன்டீனுக்கு இனிமே நம்ம மகளிர் குழு சேவுதான். ஏழாயிரம்பண்ணையில இனி ஒருத்தரும் வீட்டைப் பூட்டிட்டுப் பொழைக்கப் போவேணாம்!

— போடி. வெடிக் கம்பெனி வெடிச்சு மூடுனதுல இருந்து எம்புட்டுப் பேரு வந்து போட்டோ எடுத்துட்டுப் போனாக. ஒரு வேலை வந்துச்சா?

— இன்னைக்கு வந்திருச்சே! சூலக்கரை கலெக்டராபீஸ்ல இருந்து மேடமே வந்து தின்னு பாத்துட்டுச் சொன்னாக. அதுக்கு முன்னால நடந்த கூத்தைக் கேளுங்க, சிரிச்சே செத்துருவீக.

— என்ன கூத்து?

— மேடம் பக்கத்துல நிக்காக, சட்டியில சேவு வேகுது. ரோட்டுல போன லாரி டயரு டமார்னு வெடிச்சுருச்சு. அம்புட்டுதான்! போட்டது போட்டபடி எல்லாரும் பருத்திக்காட்டுக்குள்ள ஓட்டம். மாவுக் கையோட நான்தான் மொதல்ல!

— அடக் கூறுகெட்டவளுகளா! சேவு போடுற எடத்துல என்னத்துக்கு ஓட்டம்?

— சத்தம் கேட்டா ஓடுன்னு கம்பெனியில பழகுன காலுங்க. சேவுன்னு அதுக்குத் தெரியுமா?

— மேடம் என்ன சொன்னாக?

— நாங்க திரும்பி வந்ததும், 'கொதிக்கிற எண்ணெயை விட்டுட்டு ஓடுறவங்களுக்கு எப்படி ஆர்டர் குடுக்க?'ன்னுட்டாக. அப்பத்தான் பாத்தாக. நம்ம அய்யம்மா மட்டும் சட்டியில வச்ச கண்ணை எடுக்காம சேவைப் புரட்டிக்கிட்டு நிக்கா!

— கம்பெனி வெடிச்சப்ப உள்ள மாட்டுனாளே, அவளா?

— அவளேதான்! 'இப்படி ஒரு ஆளு இருந்தாப் போதும்'னு மேடம் அவ தோளைத் தட்டி, அங்கனயே ஆர்டரைச் சொல்லிட்டாக!

— அப்ப பையை அவுத்துரட்டுமா?

— அவுத்துருங்க, அவுத்துருங்க!

— அட்றா சக்கை! கரப்பான்பூச்சியைக் கண்டாலே ஓடுறவளுக்கு எங்கருந்து வந்துச்சு இம்புட்டுத் தைரியம்?

— எனக்கும் அதான் ஆச்சரியம். மேடம் போனதும், குலவை போட்டுக்கிட்டே பின்னால போயி 'ஏ அய்யம்மா'ன்னு கத்துனேன். திரும்பலை. காதுகிட்ட போயிக் கத்துனேன். திரும்பலைங்க.

— என்னடி சொல்லுத?

— தோளைத் தொட்டுத் திருப்புனப்பறந்தான் சொன்னா, கம்பெனி வெடிச்ச அன்னைக்கே ரெண்டு காதும் போயிருச்சாம். இம்புட்டு நாளும் எங்க வாயைப் பாத்தே சமாளிச்சிருக்கா. அவ பேசாம இருந்ததைப் பாத்து, பயம் இன்னும் தெளியலைன்னு நெனைச்சுட்டோம். பாவி மக, என் கையைப் பிடிச்சுக்கிட்டு 'வேலையை விட்டு நிப்பாட்டிருவீகளா மதினி?'ன்னு அழுதா.

— நீ என்ன சொன்ன?

— கரண்டியை எடுத்து அவ கையில குடுத்தேன்.