ரசீதில் இருந்த பெயர்: ஜெயஷீலா அம்மையாருக்கு வரிப் பிரிவினர் வாசித்தளித்த மடல்

உப்பும் உழைப்பும் ஒருங்கே விளையும் முத்துநகரின் வீதிகளெல்லாம் காலடி ஓசையால் அறிந்த பெருமாட்டியே, கதவெண்ணைச் சொன்ன மாத்திரத்தில் அக்கதவுக்குப் பின்னுள்ள கவலையையும் சேர்த்துச் சொல்லும் நினைவாற்றல் உடையவரே, முப்பத்து மூன்று ஆண்டுகள் வரிசையில் வந்து நின்றவரை வாட விடாத மாநகராட்சி வருவாய் உதவியாளரே, இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் ஜெயஷீலா அம்மையாரே, வணக்கம்.

உங்களை முன்னிலையில் நிறுத்திப் புகழ்ந்தால் பாதியிலேயே எழுந்து போய்விடுவீர்கள் என்பதை அறிவோம். நாற்காலியில் கால் மணி நேரம் சேர்ந்தாற்போல் உங்களைக் கண்டவர் எங்களில் யாருமில்லை. ஆகவே வேறு யாருடைய கதையையோ சொல்வதுபோல் ‘அவர்’ என்றே சொல்கிறோம். அருங்குணங்களின் பட்டியல் இதில் கிடையாது. கடந்த ஏழு மாதங்களில் நடந்த ஒன்று மட்டுமே உண்டு.

பிலோமி கடற்கரைத் தெருவில் வசிப்பவர். கணவர் தோணியில் மாலத்தீவுக்குப் போய்வந்த கடலோடி. மஞ்சள் காமாலையில் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவர் கடலில் இருந்த நாளிலும் இறந்த பின்னும் வீட்டு வரியைக் கட்ட வந்தது பிலோமிதான். ஒவ்வோர் அரையாண்டும் ஜெயஷீலாவின் கையால்தான் ரசீது வாங்குவார். இருபது ஆண்டுகளில் நாற்பது ரசீதுகள். அவற்றைத் தம் கல்யாண ஆல்பத்தின் பிளாஸ்டிக் உறைகளுக்குள் செருகி வைத்திருந்தார்.

அந்த ஆல்பத்தோடுதான் ஒரு திங்கட்கிழமை வந்து நின்றார்.

“அக்கா, எங்க வீட்டுக்காரருக்கு அண்ணன், பவுலு, வீட்ட விக்கப் போறாராம். அட்வான்சும் வாங்கியாச்சு. ஒரு மாசத்துல காலி பண்ணுன்னு சொல்லுதாரு. வரிச் சீட்டு அவரு பேர்ல இருக்காம், அதனால வீடு அவருதாம். இருவது வருசமா கட்டுனது நாந்தானே? அப்ப வீடு எனக்குத்தானே?”

ஜெயஷீலா ஒரு ரசீதை உருவிப் பார்த்தார். பெயர் இருந்த இடத்தில் பவுல் என்றுதான் இருந்தது. அதைத் தாமே நாற்பது தடவை கொடுத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

“ஏளா பிலோமி, கட்டுனதால ஒனக்கும் இல்ல. பேரு இருக்கதால அவருக்கும் இல்ல. இது வரி கட்டுனதுக்குச் சீட்டு. வீடு யாருக்குன்னு பத்திரம்தான் சொல்லணும். பத்திரம் எங்க?”

பிலோமிக்குத் தெரியவில்லை. மாமனார் காலத்துக்குப் பிறகு அதை யாரும் பார்த்ததில்லை.

அன்று மாலை வீடு திரும்ப நாசரேத் பஸ்ஸில் ஏறிய ஜெயஷீலா, இடம் கிடைத்தும் உட்காரவில்லை. ஒரு பெண் நாற்பது தடவை வந்து நின்றாள், ஒரு தடவையாவது ‘இது யார் பெயர்’ என்று கேட்டோமா? கேட்டிருந்தால் அவள் புருஷன் உயிரோடு இருக்கும்போதே சரிசெய்திருக்கலாமே. வீட்டில் தட்டில் போட்ட சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்துவிட்டார். கேட்கச் சொல்லி எந்த விதியும் இல்லை. வாங்க வேண்டியதை வாங்கி, கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாயிற்று. இதைப் பலமுறை தமக்குத் தாமே சொல்லியும் பார்த்தார். மனம் அடங்கவில்லை.

மறுநாள் கண்காணிப்பாளர் சிவபாலன் அவரைத் தனியாக அழைத்துப் பேசினார்.

“யக்கா, ரெண்டு குடும்பத்துக்கு நடுவுல போவாதீங்க. அந்த ஆளு ஒரு பெட்டிசன் போட்டாம்னா, ஒங்க பென்சன் பேப்பர் அங்கனயே நிக்கும். ஏழு மாசம் சும்மா இருங்க.”

“சும்மா இருக்கத்தான் பாக்கேன், சார். முடியலயே” என்றார் ஜெயஷீலா.

அது உண்மை. அந்த வாரம் முழுவதும் தேநீரை ஆறவிட்டார். பேனாவைத் திறந்து எழுதாமல் மூடினார். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். யார் பக்கமும் பேசுவதில்லை. பதிவேட்டில் இருப்பதை, கேட்பவர் யாராக இருந்தாலும் எடுத்துக் காட்டுவது. அது தம் வேலைதானே.

முதன்முதலாக ஒரு வீட்டுக்கு வரி விதிக்கும்போது, எந்தப் பத்திரத்தைப் பார்த்து விதித்தார்கள் என்பதைப் பழைய பதிவேட்டின் கடைசிப் பத்தியில் குறித்து வைப்பது வழக்கம். அந்தப் பதிவேடுகளோ வெள்ளத்தில் நனைந்து, மொட்டை மாடியில் காயவைக்கப்பட்டு, அப்பளம்போல் நெளிந்து கிடந்தன. பிலோமி எழுதிக் கொடுத்த மனுவை வைத்துக்கொண்டு மூன்று நாள் மதிய உணவு நேரத்தில் ஒவ்வொரு தாளாகப் பிரித்தார். மூன்றாம் நாள் கிடைத்தது. 1981, சூசை, கிரயப் பத்திரம், அதன் எண். சூசை என்பது பிலோமியின் மாமனார். சற்றுக் கீழே வேறு மையில் இன்னொரு குறிப்பு. 2001இல் சூசை இறந்தபின், மனைவியின் சம்மதக் கடிதத்தின்பேரில், வரி செலுத்தும் வசதிக்காக மூத்த மகன் பவுல் பெயருக்கு மாற்றம்.

ஜெயஷீலா ஒருநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பிலோமியோடு பத்திரப்பதிவு அலுவலகத்துக்குப் போனார். அந்த எண்ணை வைத்து வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தார்கள். 1981இல் சூசை வாங்கியதற்குப் பிறகு விற்பனை இல்லை, தானம் இல்லை, விடுதலைப் பத்திரம் இல்லை. வீடு இன்றும் இறந்துபோன சூசையின் பெயரிலேயே நின்றது. அவருக்கும் அவர் மனைவிக்கும் பிறகு, இரண்டு மகன்களுக்கும் சரிபாதி. இளையவரின் பாதி பிலோமிக்கும் மகள் ஜெனிஸுக்கும்.

இந்த இடத்தில் பிலோமி நன்றி சொல்லியிருப்பார் என்று நினைப்பீர்கள். அவர் முகம் சுருங்கிப் போயிற்று.

“பாதிதானா? முழுசும் எனக்குன்னு சொல்லுவீகன்னுல்லா ஒங்கள நம்பி வந்தேன். இதுக்கா இவ்வளவு அலைஞ்சோம்?”

ஜெயஷீலா சான்றை மடித்து அவர் கையில் கொடுத்தார்.

பவுல் வந்தது அடுத்த வாரம். மில்லர்புரத்தில் மகளோடு இருப்பவர், அறுபத்தைந்து வயது. தம்மிடமிருந்த பழைய வரி ரசீது ஒன்றை மேசைமேல் வைத்தார்.

“ஆபீஸ்ல இருந்துக்கிட்டு குடும்பத்த ரெண்டாக்குதீங்களோ? எங்கம்ம என் பேருக்கு மாத்திக் குடுத்தது. இது சர்க்கார் சீட்டு இல்லையா?”

எல்லோரும் எழுந்துவிட்டோம். சிவபாலன் சார் கதவுவரை வந்துவிட்டார். ஜெயஷீலா மட்டும் அலமாரிக்குப் போய், பிலோமிக்குக் காட்டிய அதே பக்கத்தைக் கொண்டுவந்து விரித்தார்.

“அண்ணாச்சி, ஒங்க அம்ம வரிக்குத்தான் பேர மாத்துனாங்க. வீட்டுக்கு மாத்தணும்னா பத்திரம் எழுதிப் பதியணும். அப்படி ஒண்ணு ஒங்ககிட்ட இருந்தா கொண்டாங்க. இவங்க எல்லாரும் பாக்க ஒங்ககிட்ட மன்னிப்பு கேக்கேன்.”

பவுல் அந்தப் பக்கத்தை நெடுநேரம் படித்தார். விரலை வைத்து எழுத்துக்கூட்டி மறுபடியும் படித்தார். பிறகு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

“நான் ஏமாத்த வரலம்மா. இந்தச் சீட்டத்தான் பத்திரம்னு நெனச்சேன். இருவத்துநாலு வருசமா அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருக்கேன்.”

“அவளும் அப்படித்தான் நெனச்சா” என்றார் ஜெயஷீலா. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அன்று பேசத் தொடங்கியவர்கள் பேசி முடிக்க நான்கு மாதங்கள் ஆயின. இடையில் இரண்டு முறை முறிந்தது. வீடு வாங்க வந்தவருக்கு அட்வான்ஸ் திரும்பப் போயிற்று. வாரிசுச் சான்று வாங்கி, பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்து, பின்கட்டு பிலோமிக்கும் ஜெனிஸுக்கும், முன்கட்டு பவுலுக்கும் என்று முடிந்தது. பெட்டிசன் ஏதும் வரவில்லை. வந்திருந்தாலும் அவர் இதையேதான் செய்திருப்பார் என்பது எங்களுக்குத் தெரியும்.

வரியும் இரண்டாகப் பிரிந்தது. புது ரசீது வாங்க வந்த பிலோமியின் கையில் கொடுக்குமுன் ஜெயஷீலா மூன்று முறை படித்தார். ஜெனிஷ் என்று அச்சாகியிருந்ததை ஜெனிஸ் என்று திருத்தி மறுபடி எடுக்கச் சொன்னார். பிலோமி இந்த முறை அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

“இந்தச் சீட்ட வச்சு வீடு ஒனக்குன்னு நெனச்சிராத. பத்திரத்தப் பத்திரமா வையி” என்றார் ஜெயஷீலா.

இதோடு அவர் அமைதியாகியிருக்கலாம். ஆகவில்லை. தம் வார்டில் இறந்தவர் பெயரிலும், எங்கோ இருப்பவர் பெயரிலும் வரி கட்டிக்கொண்டிருக்கும் வீடுகளைத் தேடிப் பட்டியல் எழுதினார். நூற்று நாற்பத்து மூன்று வந்தன. அலுவலகம் முடிந்ததும் தெருத்தெருவாகப் போய், கதவைத் தட்டி, “ஒங்க மூலப்பத்திரம் எங்க இருக்குன்னு தெரியுமா?” என்று கேட்டார். சிலர் உட்காரச் சொன்னார்கள். சிலர் கதவைச் சாத்தினார்கள். தொண்ணூற்றாறு வீடுகள் முடிந்தன.

இன்று காலை அவருக்கு மாலை அணிவிப்பதற்கு முன், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று அந்தப் பட்டியலைக் கேட்டோம். அவர் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, “நீங்க ஜெராக்ஸ் எடுத்துக்கோங்க. நாளைக்கி காலையில நான் சிலுவையார் தெருவுல இருப்பேன். பதினோரு வீடு இருக்கு” என்றார்.

அம்மையாரே, ஓய்ந்திருங்கள் என்று உங்களை வாழ்த்த எங்களுக்கு வாய் வரவில்லை. நூறாண்டு நடக்கும் நோயற்ற கால்களும், தட்டிய கதவெல்லாம் திறக்கும் தகைமையும், வெயில் ஏறுமுன் கிடைக்கும் ஒரு டம்ளர் மோரும், நாசரேத் பஸ்ஸில் உட்கார ஓர் இடமும், அதில் உட்காரும் மனமும் உங்களுக்கு வாய்க்கட்டும். நாளைக் காலை சிலுவையார் தெருவின் முனையில் எங்களில் இருவர் நிற்போம்.

இங்ஙனம்,
உங்களோடு நடக்க விழையும்
வரிப் பிரிவுப் பணியாளர்கள்,
தூத்துக்குடி.