சைகோன் காக்கி

நூர் நிஷா: வந்ததும் வராததுமா என்ன சிரிப்பு? துணி எங்கே, மச்சான்?

ஜலீல்: கதவைச் சாத்து முதல்ல... தண்ணி கொடு.

நூர் நிஷா: சொல்லிட்டுக் குடிங்க. உங்க முதலாளி சம்சுதீன் மரைக்காயர் கடையிலேந்து ஆள் வந்துட்டுப் போயிட்டான். நீங்க ஆத்துச் சேத்துல போட்ட துணிப் பேலுக்கு ஒரு வழி பண்ணலேன்னா, அடுத்த கப்பல்ல ரெண்டு பேரும் காரைக்காலுக்குக் கிளம்பணுமாம்.

ஜலீல்: கப்பல் கிளம்பட்டும். நாம கிளம்பலே.

நூர் நிஷா: வித்துட்டீங்களா... அந்தச் சேத்துத் துணியையா?

ஜலீல்: மரியாதையாச் சொல்லு. காக்கி.

நூர் நிஷா: வெள்ளை டிரில்லுத் துணி. சம்பான் படகுலேந்து இறக்கத் தெரியாம சேத்துல போட்டீங்க.

ஜலீல்: போட்டேன். அதைப் பட்டாளத்துக் கொட்டடிக்குத் தூக்கிக்கிட்டுப் போனதும் நான்தான். பட்டாளத்துப் பெரிய அதிகாரி, கமாந்தான், பிரிச்சுப் பாத்தாரு. என்ன நிறம்னாரு. காக்கின்னேன். சிரிச்சாரு.

நூர் நிஷா: ஏனாம்?

ஜலீல்: சிங்கப்பூர்ல பாத்திருக்காராம். காக்கின்னா மஞ்சளாத்தான் இருக்குமாம், இது செவப்பாம். அதோட அது இங்கிலீஷ்காரன் வார்த்தையாம். பிரெஞ்சுப் பட்டாளத்துக்கு எதுக்குன்னாரு.

நூர் நிஷா: நீங்க ஊமை மாதிரி நின்னிருப்பீங்க.

ஜலீல்: ஊமையா, நானா? "பார்தோன், மோன் கமாந்தான்", மன்னிக்கணும்னு ஆரம்பிச்சேன்.

நூர் நிஷா: எங்க வாப்பா சொன்னதையா?

ஜலீல்: பூராவும். உன் வாப்பா இங்கிலீஷ் பட்டாளத்துக்குச் சட்டை தைச்ச கதையை நீ எத்தனை தடவை சொல்லியிருப்பே. அதையேதான் எடுத்து விட்டேன். காக்குன்னா இந்துஸ்தானியில மண்ணு, தூசி. அது பார்சி மொழியிலேந்து வந்தது. காக்கின்னா மண் நிறம். இங்கிலீஷ்காரன் வடக்கே போனான், அந்த ஊர் மண்ணு மஞ்சளா இருந்துச்சு, அதையே உடுத்திக்கிட்டான். வார்த்தையும் அவனுது இல்லே, நிறமும் அவனுது இல்லே.

நூர் நிஷா: வெள்ளைச் சட்டையைச் சேத்துல முக்கித்தான் ஆரம்பிச்சாங்கன்னு...

ஜலீல்: அதையும் சொன்னேன். நம்ம பேலும் அப்படித்தான்னு மட்டும் சொல்லலே.

நூர் நிஷா: அல்லாவே. அதுக்கு அவரு?

ஜலீல்: மீசையைத் தடவினாரு. உங்க பூட்ஸைப் பாருங்கன்னேன். குனிஞ்சாரு. இந்தச் சைகோன் மண்ணு பூட்ஸ் பூரா, செக்கச் செவேல்னு. ஒரு பிடி மண்ணை அள்ளித் துணி மேல தூவினேன் புள்ளே... மண்ணு எது துணி எதுன்னு தெரியலே.

நூர் நிஷா: சரிதான். வாங்கிட்டாரா?

ஜலீல்: எங்கே? வாளியும் சோப்பும் வந்துச்சு. ஒரு சிப்பாய் உக்காந்து கசக்குறான். எனக்கு உயிரே போச்சு. சேத்துக் கறை எவ்வளவு நேரம் நிக்கும்?

நூர் நிஷா: ...நின்னுச்சா?

ஜலீல்: நுரை வெள்ளையா வந்துச்சு. துணி அசையலே. கமாந்தானே வாயால சொன்னாரு, "காக்கி த சைகோன்"னு, சைகோன் காக்கின்னு. இனிமே அவரு பட்டாளத்துக்கு நம்ம துணிதான். மரைக்காயருக்கு நானே போய்ச் சொல்றேன், கப்பல்ல வேற யாருக்காவது இடம் போடுங்கன்னு.

நூர் நிஷா: அல்ஹம்துலில்லாஹ்.

ஜலீல்: ஆனா பாரு, சேறு எப்படி நின்னுச்சுன்னுதான் புரியலே.

நூர் நிஷா: நல்ல ஊரு, நல்ல சேறு. தண்ணியைக் குடிங்க.

ஜலீல்: கையை ஏன் முந்தானைக்குள்ள வச்சிருக்கே?

நூர் நிஷா: மருதாணி வச்சேன்.

ஜலீல்: பெருநாள் வரலியே... காட்டு. முழங்கை வரைக்கும் எந்த ஊர்ல மருதாணி வைக்கிறாங்க?

நூர் நிஷா: ...காசுக்கட்டி, வெத்தலையோட மெல்லுற செவப்புக் கட்டி. பென்தான்ங்கிற சந்தையில வெத்தலைக்காரிகிட்ட வாங்கினேன். அன்னைக்கு நீங்க கடைக்குப் போனதும் கொல்லையில கொப்பரையை ஏத்தி மொத்தத் துணியையும் வேக வச்சேன். வாப்பா அப்படித்தான் சாயம் ஏத்துவாரு. கெட்டுப்போனா பழி என்னோட போகட்டும்னுதான் சொல்லலே.

ஜலீல்: நாளைக்குச் சாயக்காரரைக் கூட்டிக்கிட்டு வரச் சொல்லியிருக்காரு கமாந்தான். சாயக்காரர் இல்லே, சாயக்காரி, பேரு நூர் நிஷான்னு சொல்லிட்டேன்.

நூர் நிஷா: தெரியுமா உங்களுக்கு? அப்போ சோப்பைப் பாத்ததும் உயிரே போச்சுன்னீங்களே...

ஜலீல்: பேலைத் தூக்கினப்பவே காசுக்கட்டி வாசனை தெரிஞ்சுடுச்சு. சோப்பு கொண்டாரச் சொன்னதே நான்தான்.