இரண்டாவது கியரில் ஒரு மலை

— அதை அங்க மாட்டாதீங்க மாமா. கொஞ்சம் நில்லுங்க.

— ஏன் புள்ள? படத்துல இப்படித்தான போட்டிருக்கான். மொதல்ல ஃபில்டர், அதுல இருந்து அலுமினியக் குழாய், அப்புறம் இஞ்சின். ராத்திரியெல்லாம் வீடியோ பாத்து மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கேன்.

— பரிதி மாமா, எங்கக்கா ஒருத்தரை ‘நில்லுங்க’ன்னு சொல்றதே வருசத்துக்கு ஒருக்கா. மரியாதையா நில்லுங்க.

— நின்னுட்டேன் காவியா. சொல்லட்டும் உங்கக்கா.

— கையை இங்க வெச்சுப் பாருங்க. ரேடியேட்டருக்குப் பின்னால.

— அம்மாடி! அடுப்பாட்டம் இருக்குது.

— ஃபில்டர் இங்க உக்காந்தா இந்தக் காத்தைத்தான் இழுக்கும். சூட்டுக் காத்து லேசுங்க. அதே அளவு இழுத்தாலும் சரக்கு கம்மி. காத்து கம்மின்னா பெட்ரோலும் கம்மியாத்தான் எரியும். பழைய ஃபில்டர் டப்பாவுக்கும் இதுக்கும் சத்தம்தான் வித்தியாசமா இருக்கும்.

— பாதிப் பேரு அந்தச் சத்தத்துக்குத்தான் மாட்டறானுங்க. எங்கம்மா கேட்டா, ‘சைலன்சர் ஓட்டையாடா இளம்பரிதி’ங்கும். சரி, என்னா பண்ணலாங்கற?

— பம்பர் ஓட்டையில இருந்து வெளிக்காத்தைக் கொண்டாந்து ஃபில்டர் மேல வுடணும். குழாய் வெச்சிருக்கேன்.

— எது, இதுவா? உங்கப்பாரு போர்ல இருந்து தக்காளிக்குத் தண்ணி வுடற பிவிசி குழாயாச்சே!

— மிச்சம் கெடந்துச்சுங்க.

— நேத்து இதுக்குள்ள மணலைக் கொட்டி, ரெண்டு பக்கமும் அடைச்சு, தென்ன மட்டை நெருப்புல காட்டி வளைச்சா மாமா. மணல் போடலைன்னா வளையற எடத்துல நசுங்கிடுமாம். அப்பா பாத்தாரு. வாய்க்காலுக்கு வளைக்கறான்னு நெனச்சுக்கிட்டு, ‘அழகா வளைச்சிருக்கியே சாமி’ன்னுட்டுப் போயிட்டாரு.

— உங்கக்கா அப்பவும் வாயத் தொறந்திருக்க மாட்டாளே.

— எங்க தொறந்தா! கார்ல மாட்டறதையும் சொல்லல, திங்கக்கிழமை சேர வேண்டிய ஓசூர் வேலையையும் சொல்லல.

— சொல்லலாம்னு போனேங்க. டீ வேணுமான்னு கேட்டுட்டு வந்துட்டேன்.

— ஏன் வெண்மதி, உங்கப்பாரு என்னா புலியா?

— நல்ல மனுசருங்க. அதனாலதான் வாய் வரமாட்டேங்குது.

— பந்தயம் ஞாபகம் இருக்குதா மாமா? அப்புறம் மாத்திப் பேசக் கூடாது.

— நல்லா இருக்குது. ரெண்டு மூட்டை ராகி, நாம மூணு பேரு, இந்தக் கெழட்டு வண்டி. இங்க அடிவாரத்துல கெளம்புனதுக்கப்புறம் வத்தல்மலை மேல போற வரைக்கும் ஒண்ணாவது கியரைத் தொடக் கூடாது. போயிட்டா, உங்கப்பாருகிட்ட நான் பேசணும்.

— என்னா பேசணும்?

— ‘வெண்மதி ஓசூருக்குப் போகட்டும். இஞ்சின் சோதனை பண்ற லேப்ல சேரட்டும். தையிலயே எங்க கல்யாணம்னு எங்கம்மா குதிச்சா நான் பாத்துக்கறேன்.’ போதுமா?

— போகாட்டி?

— போகாட்டி ஓசூர் பேச்சையே எடுக்கக் கூடாது. உங்கக்காதான் சரின்னு தலையாட்டுனா. நானா கேட்டேன்?

— ஆட்டுனேங்க.

— அப்பக் குழாயைக் குடு. மேல போன பஸ்ஸு எறங்கறதுக்குள்ள நாம ஏறிடணும். நடுவழியில அவன் எதிர்ல வந்தா ஒதுங்கி நிக்கணும். நின்னா, கெளம்பறதுக்கு ஒண்ணாவது கியர்தான். பந்தயம் போச்சு.

— இருங்க மாமா. உள்ள விரலை வுட்டுப் பாருங்க.

— என்னாத்துக்கு? ... அட, நறநறங்குது!

— மணலுங்க. சூட்டுல குழாய் எளகுனப்ப உள்ள ஒட்டிக்கிட்டிருக்குது. தட்டுனேன், போயிடுச்சுன்னு நெனச்சேன். என் தப்பு.

— ஃபில்டர் புடிச்சுக்காதா?

— புடிக்கும். கொஞ்ச நேரத்துல அடைச்சுக்கும். ஒரு பொடி தப்பி உள்ள போனாலும் சிலிண்டரைக் கீறிடும்.

— போச்சுடா! காவியா, ஓடு! மோட்டாரைப் போடு!

— போட்டாச்சு! தண்ணி வருது, புடிங்க!

— அந்தத் துணியைக் குச்சியில சுத்திக் குடுங்க மாமா. நல்லா அழுத்தித் தேயுங்க. இன்னொரு தடவை. ... ம், இப்ப வழவழன்னு இருக்குது. காயட்டும்.

— காயற வரைக்கும் பஸ்காரன் காத்திருப்பானா? கிளாம்ப் எங்க?

— பார்சல்ல வந்தது ஃபில்டருக்குச் சரியாப் போச்சுங்க.

— வுடு. டியூப் ரப்பர் இருக்குது. எங்க போர் ஓஸே இதுலதான் நிக்குது. நான் கட்டுனா யானை இழுத்தாலும் வராது.

— ஈரத்துல ரப்பர் வழுக்குங்க.

— கட்டறது என் வேலை. நீ போயி ஸ்டீரிங்ல உக்காரு.

— நானா?

— பின்ன? நான் ஓட்டித் தோத்தா, வேணும்னே தோத்துட்டான்னு காவியா மொரப்பூர் ஸ்டேஷன் வரைக்கும் போயிச் சொல்லுவா.

— கண்டிப்பா சொல்லுவேன்.

— எனக்கு மலையில ஓட்டிப் பழக்கம் இல்லீங்க.

— உங்கப்பாருக்குக் காலு ஒடைஞ்சு கெடந்தப்ப, குட்டி யானை வண்டி நெறையத் தக்காளி ஏத்திக்கிட்டு வாராவாரம் காரிமங்கலம் சந்தைக்குப் போனது யாரு? ஒரு பழம் நசுங்குச்சா? உக்காரு புள்ள.

— ஏறுக்கா! நான் மூட்டைங்களுக்கு நடுவுல உக்காந்துட்டேன். நானும் ஒரு மூட்டைன்னு வெச்சுக்க.

— சாவியைத் திருப்பறேங்க.

— திருப்பு ... திருப்பு ... ஆஹா! கேட்டியா? உறிஞ்சறதைக் கேட்டியா?

— ஐயோ மாமா, தாத்தா டம்ளர்ல காப்பி உறியற மாதிரியே இருக்குது!

— என்னா சத்தம் பாரு! நான் சொல்லல? போ வெண்மதி, கெளம்பு!

— ஏசியை நிறுத்திட்டேன். கண்ணாடியை எறக்கிக்குங்க. கெளம்பறதுக்கு மட்டும் ஒண்ணாவது. இதோ, ரெண்டு போட்டாச்சு. இனிமே கியர்ல கை வெக்க மாட்டேன்.

— மொத வளைவு வருது.

— தெரியுதுங்க. ஆரன் அடிக்கறேன்.

— அவ்ளோ ஓரத்துல போற, அங்கிருந்து எப்படித் திருப்புவ?

— அகலமா எடுத்தா வேகம் கொறையாதுங்க. வேகம் கொறைஞ்சாதான ஒண்ணாவது கேக்கும்.

— அக்கா, செம! வழுக்கிக்கிட்டுப் போச்சு!

— அடுத்ததும் அப்படியே எடு. அப்படித்தான் ... அப்படித்தான் ...

— என்னங்க அது? டொக்குன்னு ஒரு சத்தம்.

— மாங்கா.

— மாங்காவா?

— மரத்துல இருந்து வுழுந்திருக்கும். நீ ரோட்டைப் பாரு.

— நிறுத்திப் பாத்துடட்டுங்களா?

— நின்னா போச்சுன்னு சொன்னனா இல்லியா? முன்னால பாரு புள்ள, முன்னால!

— மாமா, நீங்க ஏன் சைடு கண்ணாடியையே பாத்துக்கிட்டு இருக்கீங்க?

— காவியா, வாய மூடிக்கிட்டு மூட்டையைப் புடி. சாயுது.

— எறக்கம் மாதிரி வருது, இங்க கொஞ்சம் வேகம் சேத்துக்கறேன். ... ஆடுங்க! மாமா, ஆடு!

— ஏய், ஓட்டுப்பா! ஆட்டை ஓட்டு! வண்டி நிக்காது!

— எல்லாம் ஒதுங்கிடுச்சு. ஒரு குட்டி மட்டும் நின்னு நம்மளையே பாக்குது.

— சுத்திப் போயிட்டேன். போயிட்டேங்க.

— எப்படிப் போனன்னே தெரியல. நான் கண்ணை மூடிட்டேன்.

— பஸ்ஸு ஆரன் கேக்குதா மாமா?

— கேக்குது. மேல எங்கியோ. மிதி வெண்மதி. இன்னும் ஒரே வளைவு. எங்கம்மா எப்பவும் எறங்கி நடக்கற எடம்.

— எதுக்கு நடக்கறாங்க?

— ‘வண்டி படற பாட்டைப் பாக்க முடியல, நான் நடந்தே வர்றேன்’னு எறங்கிடும். ஒரு நாளும் ஒண்ணாவது போடாம இங்க ஏறுனதில்ல.

— வேகம் கொறையுது அக்கா.

— தெரியுது.

— நடுங்குது அக்கா! வண்டி அழுவுது!

— கியர்ல கை வெச்சிடாத புள்ள! வெச்சிடாத!

— ரெண்டு பேரும் பேசாம இருங்க! எனக்கு இஞ்சின் சத்தம் கேக்கணும்.

— ...

— ...

— இன்னும் கொஞ்சம். மிதிச்சா மூச்சு முட்டும். மெதுவா ... மெதுவா ... உள்பக்கம் வேணாம், வெளியிலயே வா ... வா சாமி ... வா ...

— அக்கா ...

— ஏறிட்டேன்.

— ஏறிட்டா! மாமா, ஏறிட்டா! ரெண்டாவதுலயே ஏறிட்டா!

— ஏய்! அடிச்சுட்டடி வெண்மதி! எங்கம்மா பாக்கலியே இதை! ஓரமா நிறுத்து, நிறுத்து. இப்ப எந்த கியர் வேணும்னாலும் போட்டுக்க!

— நிறுத்திட்டேங்க. ஆண்ட்பிரேக் போட்டாச்சு.

— அப்புறம் என்னா? எறங்கு. காத்தைப் பாரு, எப்படி ஜிலுஜிலுன்னு அடிக்குது.

— மாமா, ஃபோன் போடுங்க அப்பாவுக்கு. சொன்ன வார்த்தை.

— போடறேன் காவியா, போடறேன். இங்க டவர் ஒரு கோடுதான் காட்டுது. மணி அடிக்குது.

— நான் பானட்டைத் தொறக்கறேங்க. எவ்ளோ சூடாயிருக்குன்னு பாக்கணும்.

— வெண்மதி, அதை அப்புறம் பாத்துக்கலாம். இரு.

— பானட்டைத் தாங்கற கம்பியைக் குடு காவியா. ... மாமா.

— என்னா?

— ஃபோனை வெச்சிடுங்க.

— ஏன் அக்கா?

— குழாய் இல்ல.

— என்னா இல்ல?

— நான் வளைச்ச குழாய். ரப்பர் மட்டும் தொங்குது. வெறும் ஃபில்டர்தான் இருக்குது. வழி நெடுக சூட்டுக் காத்தையே இழுத்துக்கிட்டு வந்திருக்குது.

— அக்கா, பானட்டை மூடு. யாருக்கும் தெரியாது. மூடு.

— மாமாவுக்குத் தெரியணும். குழாய் ஏத்தும்னு நம்பித்தான் பந்தயத்துக்குத் தலையாட்டுனேன். நான் தோத்துட்டேங்க. அப்பாகிட்ட நீங்க பேச வேணாம்.

— வெண்மதி, ஒண்ணு கேக்கறேன். அந்த ரெண்டாவது வளைவுல மாமரம் எங்க இருக்குது?

— ... பாக்கலீங்க.

— இருந்தாத்தான பாக்கறதுக்கு? அங்க வெறும் பாறை. குழாய் வுழுந்து உருண்டதைக் கண்ணாடியில பாத்தேன். சொல்லியிருந்தா அங்கியே பிரேக்கை மிதிச்சிருப்ப.

— அப்ப, அதுக்கு மேல அத்தனை வளைவும்?

— குழாய் ஏத்தல.

— மாமா! அப்பா எடுத்துட்டாரு! ‘அலோ, அலோ’ங்கறாரு. நீங்க பேசுங்க, சீக்கிரம்!

— பேசறேன். குடு காவியா.

— எங்கிட்ட குடு.

— அக்கா?

— குடுடி. ... அப்பா, நான்தான், வெண்மதி. டீ கேக்கறதுக்கு இல்லப்பா. திங்கக்கிழமை நான் ஓசூருக்குப் போறேன்.