காவலுக்கு வந்தவன் படித்த ரிசல்ட்

பேச அழைத்த கையோடு கடிகாரத்தையும் பார்த்துவிட்ட அவைத்தலைவர் அவர்களே! ஊரார் இரத்தத்தை எடுத்தும் நல்ல பெயர் எடுத்திருக்கும் பரிசோதனை நிலைய உரிமையாளர்களே! பின்வரிசையில் கண்மூடிச் சிந்தித்துக்கொண்டிருக்கும் பெரியோர்களே! இவர்கள் எல்லாரையும் பொறுத்துக்கொள்ளும் தாய்மார்களே! இந்த வக்கீலின் பணிவான வணக்கம்.

நான் பேசப்போவது என் அண்ணியைப் பற்றி. முன்வரிசையில்தான் இருக்கிறார், அனுமதி வாங்கிவிட்டேன். அண்ணனிடமா? அவரிடம் எங்கள் வீட்டில் யாரும் எதற்கும் அனுமதி கேட்பதில்லை!

அண்ணியின் பரிசோதனை நிலையத்தில் கையுறை போடாத கை கதவைக்கூடத் தொட முடியாது. அப்படிப்பட்டவரின் கம்ப்யூட்டரில் ஒரு நாள் ஓர் அலறல்: “உங்கள் பிரவுசர் ஆபத்தில் இருக்கிறது! எங்கள் பாதுகாப்பு எக்ஸ்டென்ஷனைச் சேருங்கள், இலவசம்!” பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் அந்தக் குட்டி மென்பொருளை அண்ணி சேர்த்தார்.

யார் அந்தக் காவலன்? பிரவுசரைச் செய்தவனா? இல்லை! கம்ப்யூட்டரை விற்றவனா? இல்லை! முகமும் தெரியாத, முகவரியும் தெரியாத மூன்றாம் ஆள்! “நீங்கள் திறக்கும் பக்கத்தையெல்லாம் படிப்பேன், சம்மதமா?” என்று கேட்டான். வாசலுக்கு வந்த வாட்ச்மேன் பீரோ சாவியைக் கேட்டால் கொடுப்போமா? அண்ணி கொடுத்தார். யாரங்கே சிரிப்பது? உங்கள் கம்ப்யூட்டரில் எத்தனை காவலர்கள், எழுந்து சொல்லுங்கள் ஐயா! சரி, உட்காருங்கள். சிரிப்பு நின்றதே போதும்.

ஒரு பெண் கர்ப்பப் பரிசோதனைக்கு வந்தாள். முன்பு ஒருமுறை கரு கலைந்து, துடித்துப்போனவள். இம்முறை கரு நிலைக்கட்டும், பிறகு சொல்லலாம் என்று கணவனிடம்கூடச் சொல்லவில்லை. ரிசல்ட்டை அவள் போன் நம்பரோடு அண்ணி அதே பிரவுசரில் ஏற்றினார். சில நாளில் அவள் போன் அடித்தது. எடுத்தவர் மாமியார்! மறுமுனையில் ஏதோ ஒரு தொட்டில் கடைக்காரர்: “வாழ்த்துகள்மா! தொட்டிலுக்குத் தள்ளுபடி இருக்கு!”

அந்தப் பெண் அண்ணி முன்னால் வந்து நின்றாள். “நீங்கதானே வெளிய சொன்னீங்க?” அண்ணி பதறிப்போய் என்னைக் கூப்பிட்டார். அந்த எக்ஸ்டென்ஷனின் நிபந்தனைகளைக் கடைசிவரை படித்த ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன். சேகரிப்பதையெல்லாம் ‘கூட்டாளிகளுக்கு’ விற்போம் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறான்!

“அவன்மேல கேஸ் போடுங்க!”

“போடலாம் அண்ணி. ஆனா சட்டம் முதல்ல உங்களத்தான் கேக்கும். அந்தப் பொண்ணு நம்பினது உங்கள.”

“நானா திருடினேன்?”

“இல்ல. கதவத் திறந்து விட்டீங்க.”

அண்ணி அழுதார். பிறகு, நான் பெருமையோடு சொல்கிறேன், என் வக்கீல் புத்தியைக் கேட்காமல் அந்தப் பெண்ணை அழைத்து உண்மையைச் சொன்னார். அவள் கண்ணெதிரே அந்தக் காவலனை நீக்கினார். திரை கேட்டது: “நிச்சயமாக நீக்கவா?”

அவள் கேட்டாள்: “உள்ள வரும்போதும் இப்படிக் கேட்டுச்சா?”

“கேட்டுச்சும்மா. நான் படிக்காம சரின்னுட்டேன்.”

“உங்களக் கேட்டுச்சு. என்னை யாரு கேட்டா?”

அன்பர்களே! எல்லாக் கேள்விக்கும் சட்டப்பிரிவு சொல்லும் நான், அன்று அவள் கேட்டதை உங்களிடமே கொண்டுவந்திருக்கிறேன்! நாம் தட்டும் ‘சரி’ யாருடைய சரி? யாருடைய இரத்தம்? யாருடைய இரகசியம்? யாருடைய கண்ணீர்? நம்முடையது அல்லாத ஒன்றுக்குச் சம்மதம் சொல்ல நாம் யார்? இன்று நிலையத்துக்குத் திரும்பியதும் ஒவ்வொரு காவலனையும் நிறுத்திக் கேளுங்கள்: உன்னை உள்ளே விட்டது யார்? பதில் தெரியாதவன் வெளியே போகட்டும்!

இவ்வளவு நேரம் கொட்டாவியைக் கையால் மறைத்த உங்கள் நாகரிகத்துக்கு நன்றி. வணக்கம்!