ஆண்டவரின் ஆறாவது நாள்

கும்மிடிப்பூண்டி ரயிலில் டிக்கெட் இல்லாமல் கதவோரம் நின்றிருந்தேன்.

"ஆண்டவருக்கே இன்னும் லீவு வர்லப்பா," என்றார் கையில் பைபிள் வைத்திருந்த சூப்பர்வைசர். மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைப் பூசைக்காக அவரிடம் ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்டிருந்தார் பக்கத்தில் நின்ற வெல்டர்.

"ஆறு நாள்ல உலகத்தப் படச்சிட்டு ஏழாவது நாள் ரெஸ்ட் எடுத்தாருல்ல சார்?"

"பெரிய பெரிய அறிஞருங்க ஆராஞ்சி எழுதிக்கீறாங்க. அவருக்கு ஒரு நாளுன்னா நமக்கு ஆயிரம் வருசம். அந்தக் கணக்குல ஆறாவது நாளே இன்னும் ஓடிக்கினு கீது."

வெல்டர் எண்ணூர் ஆலைப் புகையைப் பார்த்தபடியே சொன்னார்.

"அப்ப பேஜாரே இல்ல சார். ஞாயித்துக்கிழம கோயிலுக்குப் போயிட்டு திங்கக்கிழம வந்துடறேன். ஆண்டவர் கணக்குல அது கண்ண மூடித் தொறக்கற நேரம்கூட இல்ல."